அவர் வந்ததும் சொல்ல வேண்டியது

கடற்படையில் சேர்ந்திருக்கிற, சேரப்போகிற தம்பிகளுக்கு. எந்தக் கடலில் இருந்தாலும் சிங்கவரத்துப் பெருமாள் உங்கள் கூடவே இருக்கட்டும்.

நான் பத்தாம் வகுப்போடு கப்பலுக்குப் போனவன். எஞ்சின் அறையில் எண்ணெயும் கையுமாகவே வளர்ந்து, சீஃப் என்கிற மூத்த மாலுமி ஆகி, ஓய்வு பெற்று இப்போது செஞ்சியில் இருக்கிறேன். எழுதிப் பழக்கம் கிடையாது. கொடுத்த தாளில் கையெழுத்துப் போட மட்டும் நன்றாக வரும். நான் சொல்லப் போவதும் ஒரு கையெழுத்தைப் பற்றித்தான்.

காலையில் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் ஓடிப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள், தேர்வானதும் என் வீட்டுக்கு வருவார்கள். "கப்பல்ல வாந்தி வருமா சார்?" என்று கேட்பார்கள். "எந்த ஊரு போஸ்டிங் நல்லது சார்?" என்பார்கள். வாந்தி நாலு நாளில் நின்றுவிடும். ஊர் எல்லாம் ஒன்றுதான். "வூட்டுக்காரம்மாவ எப்படி சார் வெச்சிக்கணும்?" என்று இதுவரை ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. நானும் அந்த வயதில் யாரையும் கேட்கவில்லை.

மாலுமியின் வேலை இரண்டு பங்கு என்பது உங்களுக்குத் தெரியும். சில வருடம் கப்பல், பிறகு சில வருடம் கரை, மறுபடி கப்பல். கப்பலில் இருக்கும்போது மனைவியும் பிள்ளையும் பெரும்பாலும் சொந்த ஊரில் இருப்பார்கள். கரைக்கு மாற்றல் வந்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குடும்பத்தோடு இருக்கலாம். அதனால் வீட்டில் உள்ளவர்கள் எல்லாவற்றையும் "கரைக்கு வரட்டும்" என்று சொல்லியே தள்ளி வைப்பார்கள். காது குத்துவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பல் பிடுங்குவது, எல்லாம்தான்.

என் மனைவி ரங்கநாயகி பனமலைக்காரி. நான் நாயகி என்றுதான் கூப்பிடுவேன். எட்டாவது வரை படித்தவள். கல்யாணம் ஆன முதல் வருடம், கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றபோது வீட்டுக்குப் போன் பண்ணினேன். எடுத்த எடுப்பில், "இன்னாங்க, புளியமரம் கூரை மேல சாஞ்சிடுச்சு" என்று அழுதாள். அவளுக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு மனசு அந்தக் கூரையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு வேலைக்கு இறங்கினவன் சுடு குழாயில் கை வைத்துவிட்டேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுத்த துறைமுகத்திலிருந்து போன் பண்ணி அவளுக்கு ஒரு சட்டம் போட்டேன்.

"நான் கப்பல்ல இருக்கும்போது கெட்டது எதுவும் சொல்லாத. சொன்னா மட்டும் நான் நீந்திக்கினு வந்துடவா போறேன்?"

"எதுவுமே சொல்லக் கூடாதா?"

"எதுவுமே. வந்ததும் மொத்தமா சொல்லு."

"அதுக்குள்ள மறந்துட்டா?"

"எழுதி வெச்சிக்கோ. நாங்க கப்பல்ல எல்லாத்தையும் எழுதி வெக்கல?"

விளையாட்டாகச் சொன்ன பேச்சு. அவள் கடைக்குப் போய் ஒரு நீள நோட்டு வாங்கிவந்து, முதல் பக்கத்தில் ஒரு நாமம் போட்டு, அதற்குக் கீழே 'அவர் வந்ததும் சொல்ல வேண்டியது' என்று எழுதிவிட்டாள்.

நான் லீவில் வரும்போது, சாப்பிட்டு முடித்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருவாள், பஞ்சாயத்துக்கு உட்கார்ந்த மாதிரி.

"கோட்டைக் குரங்கு வந்து அப்பளத்த மொத்தமும் தூக்கினு போயி, எதிர்வூட்டு மாடியில குடும்பத்தோட உக்காந்து தின்னுச்சு. நீங்க வாங்கிக் குடுத்த வாட்ச்சு தண்ணியில வுழுந்துடுச்சு. உங்க சித்தப்பா கல்யாணத்துல என்னை 'கறுப்பி'ன்னாரு. நான் 'உங்க அளவுக்கு இல்ல மாமா'ன்னேன்."

ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் அதன் பக்கத்தில் 'ஆச்சு' என்று எழுதுவாள். சொல்லியாகிவிட்டது, இனி அதைப் பற்றிப் பேச்சு இல்லை என்று அர்த்தம். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். மகள் திவ்யா பிறந்து வளர்ந்த பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். நாயகி பக்கங்களைப் புரட்டுகிற வேகத்தில் சிலதைத் தாண்டிப் போகிறாள் என்பதை நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை. முப்பது நாள் லீவில் வந்திருக்கிற மனுஷனிடம் எதைச் சொல்வது, எதைக் கரைக்கு வரும்வரை வைத்திருப்பது என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

திவ்யா ஐந்தாவது படிக்கும்போது என்னுடைய கப்பல் காலம் முடிய மூன்று மாதம் இருந்தது. எஞ்சின் அறைக்கு ஆள் பற்றாமல் அதுவரை ஒரு கப்பல் விட்டு இன்னொரு கப்பலாகவே போட்டிருந்தார்கள், இந்தத் தடவை கரை மாற்றல் நிச்சயம். வீட்டில் அதற்காக நிறைய தள்ளி வைத்திருந்தோம். முக்கியமாக இரண்டாவது பிள்ளை. திவ்யாவை நாயகி தனியாகவே பெற்றாள். நான் பார்த்தபோது பிள்ளை குப்புற விழுந்துகொண்டிருந்தது. "அடுத்தது நீங்க கரையில இருக்கும்போதுதான். இல்லன்னா வேணாம்" என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில் கப்பல் வெளிநாட்டுப் பயணம் போகப்போகிறது என்று பேச்சு வந்தது. இன்னும் ஒரு வருடம் கப்பலில் இருக்க விருப்பம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள்.

தம்பிகளே, நான் ஏன் எழுதிக் கொடுத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நாலு ஊர் பார்க்கிற ஆசை இருந்தது. பதவி உயர்வுக்கும் நல்லது என்று தோன்றியது. ஆனால் உள்ளே இருந்த காரணம் வேறு. கப்பலில் எஞ்சின் ஒரு மாதிரி இருமினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டிலோ கேஸ் சிலிண்டரை எப்படி மாட்டுவது என்று எனக்குத் தெரியாது. மகளின் டீச்சர் பேர் தெரியாது. கப்பலில் நான் ஒரு ஆள். வீட்டில் நான் விருந்தாளி. விருந்தாளியாக முப்பது நாள் இருக்கலாம். மூன்று வருடம் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

தாளை வாங்குகிற இடத்தில் ஒரு மூத்தவர் இருந்தார், கேரளாக்காரர். தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டில் கேட்டாயா?"

"கேட்டாச்சு சார்."

"என்ன சொன்னாள்?"

நான் முழித்தேன். அவர் தாளைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். "இன்று வாங்க மாட்டேன். நாளைக்குக் கொண்டு வா."

ஒரு முழு நாள் கொடுத்தார் அந்த மனுஷன். கப்பல் துறைமுகத்தில்தான் நின்றது, கையில் போன் இருந்தது. நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அதே தாளை நீட்டி, "சரின்னு சொல்லிட்டா சார்" என்றேன். அவர் எதிரிலேயே கையெழுத்துப் போட்டேன். நல்ல முழுக் கையெழுத்து, அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் பேசினேன்.

"இன்னாங்க, எந்தத் தேதி வரீங்க? திவ்யா காலண்டர்ல கோடு போட்டுக்கினே இருக்குது."

"ஆர்டர் வந்துடுச்சு நாயகி. இன்னும் ஒரு வருஷம் கப்பல்லதான்."

லைன் போய்விட்டதோ என்று, "அலோ, அலோ" என்றேன்.

"ஒரு வருஷமா?"

"கவர்மெண்ட் ஆர்டர். நான் இன்னா பண்ண முடியும்?"

"சரி, வுடுங்க. பெருமாள் இருக்காரு."

"வூட்ல எல்லாம் எப்படி?"

"எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றாள்.

அந்த ஒரு வருடத்தில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எஞ்சின் அறையில் ஒருவர் வேலை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, உள்ள நிலைமையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். ஒரு நாள் ஒரு சின்ன வயது மாலுமி, "எல்லாம் சரி சீஃப்" என்று ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் எனக்குக் காலடியில் ஏதோ சரியில்லை என்று பட்டது. தரைத்தகட்டைத் தூக்கிப் பார்த்தால் கீழே கடல்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போயிருந்தது. அவன் அதைப் பார்த்திருக்கிறான். தானே சரிபண்ணப் பார்த்து, முடியாமல், சொல்லவும் பயந்து, மேலே ஏறிவிட்டான்.

ஓடி ஆடி அடைத்தோம். பிறகு அவனை நிற்க வைத்துக் கேட்டேன்.

"ஏண்டா சொல்லல?"

"நீங்க திட்டுவீங்கன்னு சீஃப்."

"கெட்டதச் சொன்னா நான் ஏன் திட்டறேன்? மறைச்சதுக்குத்தாண்டா திட்டறேன். 'எல்லாம் சரி'ன்னு சொன்னியே, அந்த வார்த்தைய நம்பி நூத்துக்கணக்குல ஆளு மேல சாப்டுக்கினு இருக்கான்!"

அவன் அழுதுவிட்டான். அந்த மாதம் எனக்கு மறக்காது. ஏன் என்பது உங்களுக்கே பின்னால் தெரியும்.

ஒரு வருடம் முடிந்தது. சென்னையில் கரை மாற்றல், குவார்ட்டர்ஸும் கிடைத்தது. குடும்பத்தைக் கூட்டிப் போக ஒரு வாரம் இருந்தது. ஊருக்கு வந்த மறுநாள் சிங்கவரம் போனோம். நூற்றி அறுபது படி. நாயகி அந்தப் படியை இடுப்பில் பிள்ளையோடு ஒரே மூச்சில் ஏறியவள். அன்றைக்கு இருபதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"இன்னா நாயகி?"

"வெயிலுங்க. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கியே கும்புட்டுக்கறேன்."

நான் நம்பினேன். மகளோடு ஏறிப் போய்க் கும்பிட்டேன். பாறையில் நீளமாகப் படுத்திருக்கிற பெருமாள். போருக்குப் போக வேண்டாம் என்று சொல்லியும் செஞ்சி ராஜா கேட்காததால் அந்தப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். "நல்லபடியாக் கரை சேத்துட்ட சாமி" என்று அவர் எதிரில் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கீழே என் மனைவி தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். எஞ்சினின் சின்னச் சத்தத்தைக் கண்டுபிடிக்கிறவன் நான்.

அடுத்த நாள் மூட்டை கட்டினோம். நாயகி திவ்யாவின் டி.சி. வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பூஜை அலமாரியைக் காலி பண்ணும்போது, பெருமாள் படத்துக்குப் பின்னால் அந்த நீள நோட்டு இருந்தது. ஒரு வருடமாகச் சேர்ந்திருக்குமே, படித்துச் சிரிக்கலாம் என்று தரையில் உட்கார்ந்தேன்.

முன்பக்கங்களில் குரங்கு, அப்பளம், சித்தப்பா. பக்கத்தில் 'ஆச்சு', 'ஆச்சு'. நடுநடுவே 'ஆச்சு' இல்லாத வரிகள் இருந்தன. அவற்றை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

'பால்காரன் தப்பாகப் பேசினான். விளக்குமாற்றால் இரண்டு போட்டேன். இனி பாக்கெட் பால்.'

'மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பெருமாள் படத்தையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் தங்கினோம்.'

'திவ்யா பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்து மயக்கம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அவர் போன் பண்ணினார். தூங்குகிறாள் என்று சொன்னேன்.'

அந்தப் போன் எனக்கு நினைவு இருந்தது. "இன்னா இந்நேரத்துல தூங்குது? செல்லம் குடுத்துக் கெடுக்கற" என்று நான் அவளைக் கடிந்திருக்கிறேன்.

பக்கத்தைத் திருப்பினேன்.

'வயிற்றில் கட்டி என்று டாக்டரம்மா சொன்னார்கள். ரத்தம் நிற்காமல் போவது அதனால்தானாம். சின்ன ஆபரேஷன், வீட்டுக்காரரைக் கூட்டி வா என்றார்கள். மூன்று மாதத்தில் கரைக்கு வந்துவிடுவார், வந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.'

அடுத்த வரி:

'அவர் வருவது ஒரு வருடம் தள்ளிப்போச்சு. ஆர்டராம். ஆஸ்பத்திரியும் தள்ளிப்போச்சு.'

இதற்குப் பிறகு கையெழுத்தே மாறிவிட்டது. பெரிய பெரிய உருண்டை எழுத்து. திவ்யாவுடையது.

'அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுறேன். அம்மா மூணு நாளா படுத்துக்கினே இருக்குது.'

'அம்மா மாவு அரைக்கும்போது விழுந்துட்டாங்க. எதிர் வீட்டு அக்கா தண்ணி தெளிச்சாங்க. நைனா கிட்ட இப்ப சொல்லக் கூடாது.'

தேதி போட்டிருந்தாள். நான் எஞ்சின் அறையில் அந்தப் பையனை நிற்க வைத்து, மறைத்ததற்குத்தான் திட்டுகிறேன் என்று கத்தினேனே, அதே மாதம். பிறகு கடைசியாக ஒன்று:

'இது நானே எழுதுறது. எனக்கு ஒரு தங்கச்சி வேணும். நைனா கரைக்கு வந்ததும் பொறக்கும்னு அம்மா சொல்லிச்சு. நைனா கிட்ட கேக்கணும்.'

திவ்யா பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்தாள்.

"ஐயோ நைனா! அத ஏன் எடுத்த? குவார்ட்டர்ஸ் போனப்புறம்தான் குடுக்கணும்னு அம்மா சொல்லிச்சு."

"ஏன் கண்ணு?"

"அங்க போயிட்டா நீ மூணு வருஷம் எங்கியும் போக முடியாதாமே."

அவள் பின்னாலேயே நாயகி டி.சி.யை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள், மழை தூறியது. நான் நோட்டை மடியில் வைத்திருப்பதைப் பார்த்தாள். திடுக்கிட்டு நின்றது ஒரு நொடிதான்.

"அதுக்கு இன்னா இப்ப? மூட்டையக் கட்டுங்க. நாளைக்கு லாரிக்காரன் வந்து நிப்பான்."

"ஏன் நாயகி சொல்லல? ஏன் சொல்லல என் கிட்ட?"

"நீங்கதான சொல்லக் கூடாதுன்னீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எழுதி வெச்சிக்கோன்னீங்க. எழுதி வெச்சேன்."

மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஒரு கார் பிடித்தோம். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இந்தம்மா வீல்சேர்ல வந்தாங்களா?"

"நடந்துதான் வந்தாங்க மேடம்."

"இந்த ரத்தத்த வெச்சிக்கிட்டு எப்படிங்க நடந்தாங்க? நேத்து என்ன பண்ணாங்க?"

"கோயில் படி ஏறினாங்க" என்றேன்.

உடனே படுக்க வைத்தார்கள். முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், பிறகுதான் கத்தி வைக்க முடியும், அதற்குள் எதுவும் நடக்கலாம் என்றார்கள். புதிய அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். அத்தனை வருடத்தில் வீட்டுக்காக நான் எதையும் கேட்டதில்லை. போனை எடுத்த அதிகாரி என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. "முதலில் அவர்களைக் கவனியுங்கள். பிறகு வந்து சேருங்கள்" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். கேட்டால் கிடைக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலாம் நாள் டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டார்.

"கட்டி பெரிசாயிடுச்சு. கர்ப்பப்பையோட எடுத்தாகணும். எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்புவோம். கெட்ட கட்டியா இல்லையான்னு அப்பத்தான் தெரியும். எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணு மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாம். ஏன் வரல?"

சம்மதத் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்தால் நான் போட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடியில் கோடு இழுக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம். நாயகிக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. திவ்யா காலடியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு என்ன ஆகுமோ, இதைச் சொல்லாமல் இவளை உள்ளே அனுப்பக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் அவள் மனசு என்ன ஆகுமோ என்றும் பயம். கப்பல் பழக்கம்தான் கடைசியில் வாயைத் திறக்க வைத்தது. ஒப்படைக்கும்போது மறைக்கக் கூடாது.

"நாயகி. ஆர்டர் வரல."

"எந்த ஆர்டரு?"

"போன வருஷம். ஆர்டருன்னு சொன்னேனே. அது வரல. நானே எழுதிக் குடுத்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோதும், பால்காரனை அடித்தபோதும்கூட அவள் முகம் அப்படி இருந்திருக்காது.

"யாரு கேட்டா உங்கள?"

"யாரும் கேக்கல."

"அப்பறம் ஏன்?"

"அங்க இருக்க நல்லா இருந்துச்சு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சிங்கவரத்துப் பெருமாள் முகம் ஞாபகம் வந்தது. திவ்யா ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். சுவரைப் பார்த்தபடியே நாயகி பேசினாள்.

"திவ்யா, அந்த நோட்டு உன் பையில இருக்குதா?"

"இருக்குதும்மா."

"எடுத்து இதையும் எழுது."

திவ்யா நோட்டை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். திரும்ப மூடிவிட்டாள். "நான் எழுத மாட்டேம்மா."

"அப்ப உங்க நைனா கிட்ட குடு."

நான் எழுதினேன். 'ஆர்டர் வரவில்லை. நானே எழுதிக் கொடுத்துக் கப்பலில் நின்றேன். வீட்டில் கேட்கவில்லை.' நாயகி திரும்பி, நோட்டை வாங்கிப் படித்தாள்.

"தேதி போடுங்க."

"இன்னைக்குத் தேதியா?"

"நீங்க கையெழுத்துப் போட்ட தேதி."

போட்டேன். அவள் நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதன் மேல் தலையை வைத்துத்தான் அன்றைக்குத் தூங்கினாள்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்தது. டெஸ்ட் முடிவு வரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். புயலில் எஞ்சின் நின்றுபோன கப்பலில் இருந்திருக்கிறேன், அது பரவாயில்லை. கெட்ட கட்டி இல்லை என்று வந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே தெற்கு வடக்கு பார்க்காமல் தரையில் விழுந்து கும்பிட்டேன். பெருமாள் அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். மற்றதைக் கொடுக்கவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

சென்னையில் மூன்று வருடம் கரையில் இருந்தேன். சிலிண்டர் மாட்டக் கற்றுக்கொண்டேன். திவ்யாவின் எல்லா டீச்சர் பேரும் தெரியும். தினமும் சாயங்காலம் விளக்கேற்றின பிறகு நாயகி நோட்டை எடுத்து, முன்பு தாண்டிப்போன வரி ஒன்றைப் படிப்பாள். முழுக்கச் சொல்லுவாள். நான் நடுவில் பேசக் கூடாது. முடித்ததும் 'ஆச்சு' என்று எழுதுவாள். பால்காரன் ஆச்சு. மழைத் தண்ணீர் ஆச்சு. விழுப்புரம் ஆஸ்பத்திரி, அதற்கு இரண்டு நாள் பிடித்தது. அதுவும் ஆச்சு. தங்கச்சி வேண்டும் என்ற வரியை மட்டும் அவள் படிக்கவில்லை. ஒரு நாள் பார்த்தால் அதன் பக்கத்தில் உருண்டை எழுத்தில் 'ஆச்சு' என்று இருந்தது. திவ்யாவே எழுதிவிட்டிருந்தாள். எப்போது எழுதினாள் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

கரைக் காலம் முடிந்து மறுபடி கப்பல் வந்தது. இந்தத் தடவை நிஜமான ஆர்டர். தாளையே கொண்டுவந்து காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, முத்திரை இருக்கிறதா என்று வேறு பார்த்தாள். பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டோம். துறைமுகத்திலிருந்து போன் பண்ணினால், அவள் முதலில் கெட்டதைத்தான் சொல்ல வேண்டும்.

"எழுதிக்குங்க. மோட்டார் எரிஞ்சிபோச்சு. உங்க பொண்ணு கணக்குல பெயிலு. எனக்கு நேத்து காய்ச்சல் நூத்தி ஒண்ணு, இன்னைக்கு இல்ல. நல்லது எதுனா கேக்கறீங்களா, இல்ல காசு போயிடுமா?"

மனசு அடித்துக்கொள்ளும்தான். ஆனால் அதன் பிறகு நான் சுடு குழாயில் கை வைத்ததில்லை. எது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்த எஞ்சினைப் பார்த்துக்கொள்வது சுலபம்.

தம்பிகளே, கடலும் உங்கள் வேலை, கரையும் உங்கள் வேலை. கப்பலில் நிற்க வேண்டும் என்றால் நில்லுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்த மூத்தவர் எனக்குக் கொடுத்த மாதிரி ஒரு நாள் உங்களுக்குக் கிடைத்தால், அந்த நாளில் வீட்டுக்குப் போன் பண்ணுங்கள். "எல்லாம் நல்லா இருக்குது" என்ற பதில் வந்தால் போனை வைத்துவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

திவ்யாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நான் ஓய்வு பெற்றுச் செஞ்சிக்கே வந்துவிட்டோம். நாயகி இப்போது சிங்கவரத்துப் படியை மெதுவாக, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, ஏறிவிடுகிறாள். நான் பின்னாலேயே ஏறுகிறேன். நோட்டு பெருமாள் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை படத்தைத் துடைக்கும்போது எடுத்துப் பார்ப்பேன். எல்லா வரிக்கும் பக்கத்தில் 'ஆச்சு' இருக்கிறது. என் கையெழுத்தில் இருக்கிற அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் இத்தனை வருடமாக இடம் காலியாகவே இருக்கிறது. பேனா அலமாரியிலேயே இருக்கிறது. நான் எழுதிக்கொள்வது முறை இல்லை.